பச்சைக் கொடிக்கு முன், கடைசிச் சுற்றுக்குப் பின்: விமானப் பந்தய ஓடுபாதை பற்றிய கேள்வி பதில்

நான் 29 ஆண்டுகள் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் கலிபோர்னியாவில் இருப்பதால் அமெரிக்காவின் ரீனோ நகருக்கு இரண்டு முறை போய், அங்கே நடந்த விமானப் பந்தயத்தைப் பார்த்திருக்கிறேன். 2016-ல் அந்த ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்த ஒரு பந்தய விமானத்தின் மேல் இன்னொரு விமானம் வந்து மோதியது. அதைப் பற்றியும், பந்தயத்தின் நடுவைவிடத் தொடக்கமும் முடிவும்தான் ஆபத்து என்றும் நான் சொன்ன சில வரிகளுக்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

செந்தில், ஓசூர்: சார், 2016-ல் என்னதான் நடந்தது? நின்றுகொண்டிருக்கும் விமானம் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்? பட்டப்பகல்தானே?

பட்டப்பகல்தான் செந்தில். நல்ல வெயில்.

ரீனோவில் பல பிரிவுகளில் பந்தயம் நடந்தது. அதில் ஃபார்முலா ஒன் என்றொரு பிரிவு உண்டு. காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவை ஒரே ஆள் உட்காரும் குட்டி விமானங்கள். 100 குதிரைத் திறன் கொண்ட கான்டினென்டல் ஓ-200 எஞ்சின், மடங்காத சக்கரம், இதழ்களின் கோணத்தை மாற்ற முடியாத புரொப்பெல்லர் என்று விதியே இருக்கிறது. குறைந்தபட்ச வெற்று எடை 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. நம்ம ஊர் புல்லட் ஒன்றே 190 கிலோவுக்குக் குறையாது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன உடம்போடு மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடும்.

இந்தப் பிரிவில் பந்தயம் ஓடுபாதையிலிருந்தே தொடங்குகிறது. எட்டு விமானங்கள் மூன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நிற்கும். எல்லா எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும். பச்சைக் கொடி அசைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும்.

அன்று முன்வரிசையில் நின்ற தாம் ரிச்சர்ட் என்ற விமானிக்கு எஞ்சின் சரியில்லை. அணைத்துவிட்டார். தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் திறந்து, தான் கிளம்பப் போவதில்லை என்று கையை உயர்த்திக் காட்டினார். அதற்குள் கொடி அசைந்துவிட்டது. பின்னாலிருந்து வந்த விமானம் ஒன்று அவர் விமானத்தின் வலப்பக்கத்தில் மோதி, உயர்த்தியிருந்த அவர் கையையும் அடித்துவிட்டுப் போனது. கையில் பலத்த காயம், உயிர் தப்பியது. அவர் விமானத்திலேயே கேமரா பொருத்தியிருந்ததால் அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது.

இப்போது உங்கள் கேள்வி. இவை பெரும்பாலும் வால் சக்கர விமானங்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் சின்னதாக ஒன்று. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். விமானிக்கு நேர் முன்னால் தெரிவது தன் எஞ்சின் மூடி மட்டும்தான். ஓரக்கண்ணால் ஓடுபாதையின் இரு விளிம்புகளையும் பார்த்து நேராக ஓட்டுவார். வேகம் வந்து வால் மேலே எழுந்த பிறகுதான் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியும். தெரியும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நொடிக்கு 28 மீட்டர். முன்னால் 80 மீட்டரில் ஒரு விமானம் நின்றால் கையில் இருப்பது மூன்று நொடிக்கும் குறைவு. சாதாரண மனிதனுக்கு அதைப் புரிந்துகொள்ளவே ஒரு நொடி ஆகும். இடது வலது பக்கங்களிலோ வேறு விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

மோதிய விமானியைக் குறை சொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதே இருட்டுதான்.

நடராஜன், பெரம்பூர்: நான் அந்தக் காலத்தில் சோழவரத்தில் மோட்டார் ரேஸ் பார்த்தவன். அதுவும் பழைய விமான ஓடுபாதைதானே! காரோ பைக்கோ கோட்டில் நின்றுபோனால் ஓட்டுநர் கையைத் தூக்குவார், பின்னால் வருபவர்கள் விலகிப் போவார்கள். விமானத்தில் ஏன் அது நடக்கவில்லை?

ஐயா, சோழவரத்தை நினைவுபடுத்திவிட்டீர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையில் கார்கள் சீறியதைப் பார்த்த தலைமுறை நீங்கள்.

நீங்கள் சொல்வதுதான் இந்த விஷயத்தின் மையம். கையைத் தூக்குவது என்ற வழக்கம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பின்னால் இருப்பவருக்கு அந்தக் கை தெரியும் என்று. காரில் அது தெரியும். வால் சக்கர விமானத்தில் தெரியாது. தாம் ரிச்சர்ட் கையைத் தூக்கியது பின்னால் இருப்பவர்களுக்காக இல்லை, கொடி பிடித்திருப்பவருக்காக. அதாவது எட்டு விமானங்களின் பாதுகாப்பும் ஒரே ஒரு ஆளின் கண்ணில் போய் நிற்கிறது. அவர் அந்த நொடியில் வேறு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது.

இன்னொரு வித்தியாசம். கார் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தால் போதும், நிற்க முயலலாம், திருப்பலாம். முழுத் திறனில் ஓடும் சிறு விமானம், வால் எழுந்த பிறகு சட்டென்று திருப்பினால் இறக்கை தரையில் தட்டும், இல்லையென்றால் பக்கத்து வரிசைக்காரர் மேல் போய் விழும்.

கவிதா, யாழ்ப்பாணம்: ஐயா, விமானிகளிடம் ரேடியோ இருக்கும்தானே? "நில்" என்று ஒரு சொல் சொன்னால் போதாதா? எனக்கு இது விளங்கவில்லை.

இருக்கிறது அம்மா. ஆனால் ரேடியோவில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் வரும், இரண்டு சொல்லும் போய்விடும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அன்று எச்சரித்திருக்கக்கூடிய இரண்டு பேச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிதைந்துபோயின. உலகின் மிகப் பெரிய விமான விபத்து இன்றுவரை அதுதான், இரண்டு விமானங்களும் தரையில் இருந்தபோது நடந்தது.

அதோடு, எஞ்சின் கோளாறான விமானி முதலில் செய்வது எஞ்சினைக் கவனிப்பது. அதன்பின் அணைப்பது. மூன்றாவதாகத்தான் பேச்சு. அந்த வரிசை மனித இயல்பு. அதனால்தான் என் கருத்து இது: நிறுத்தச் சொல்ல வேண்டிய பொறுப்பைச் சிக்கலில் மாட்டியவர் தலையில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு விமானத்துக்கும் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் ஓர் ஆள். அந்த எட்டுப் பேரும் "சரி" என்று காட்டிய பிறகே கொடி. யாராவது ஒருவர் "சரி" சொல்லவில்லை என்றால் கொடி மேலே எழும்பவே கூடாது. மௌனம் என்றால் "சரி" என்று எடுத்துக்கொள்ளும் முறைதான் ஆபத்து. மௌனத்துக்கு "நில்" என்று அர்த்தம் வைக்க வேண்டும்.

கோபுரத்தில் நாங்கள் இதைத்தான் செய்வோம். ஓடுபாதையில் ஏதாவது வண்டியோ விமானமோ இருந்தால், பலகையில் அதற்கென்று நிறம் மாறிய ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைப்போம். மனசு மறக்கும், அட்டை மறக்காது. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், ரேடியோ பழுதான ஒரு பயிற்சி விமானம் ஓடுபாதையில் பேசாமல் நின்றுவிட்டது. அடுத்து இறங்க வந்தவருக்கு அனுமதி சொல்ல வாயெடுத்துவிட்டேன். அட்டை கண்ணில் பட்டது. வார்த்தையை மாற்றி, மேலே ஏறிச் சுற்றி வரச் சொன்னேன். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

பிரபு, கோவை: அப்போ ஏன் சார் இன்னும் தரையிலிருந்து கிளப்புகிறார்கள்? வானத்திலேயே தொடங்கலாமே?

பெரிய விமானங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். போர்க்கால மஸ்டாங் போன்றவை பறக்கும் அன்லிமிடெட் பிரிவு, ஜெட் பிரிவு, டி-6 என்ற பழைய பயிற்சி விமானங்களின் பிரிவு எல்லாமே வானத்தில் தொடங்கும். ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே சேர்ந்துகொள்வார்கள். வழிகாட்டி விமானம் ஒன்றின் பக்கத்தில் ஒரே கோடாக அணிவகுத்து இறங்கி வருவார்கள். வழிகாட்டி "ஜென்டில்மென், யூ ஹேவ் எ ரேஸ்" என்று சொல்லிவிட்டு மேலே விலகிவிடுவார். பாப் ஹூவர் என்ற புகழ்பெற்ற விமானி பல ஆண்டுகள் அதைச் சொன்னவர்.

ஃபார்முலா ஒன்னும் இரட்டை இறக்கை விமானங்களும் தரையிலிருந்து கிளம்புவதற்குப் பழைய வரலாறு உண்டு. 1930-களில் கிளீவ்லாந்து நகரப் பந்தயங்களில் குதிரைப் பந்தயம் மாதிரி எல்லாரையும் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒரே கொடியில் விரட்டுவார்கள். போருக்குப் பின் 1946-ல் மீண்டும் தொடங்கியபோது, ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேற்பட்ட போர் விமானங்களையே அப்படி விரட்டினார்கள்! 1947-ல் அங்கேதான் குட்டி விமானப் பிரிவும் பிறந்தது. அதுவே இன்றைய ஃபார்முலா ஒன்.

தரைத் தொடக்கத்துக்கு ஆதரவாகவும் நியாயமான பேச்சு உண்டு. வானத் தொடக்கத்தில் எட்டு விமானங்களும் ஒரே கோட்டில் வந்து, பந்தயப் பாதையைக் குறிக்க நட்டிருக்கும் ஒரே கம்பத்தை நோக்கிக் குவிகின்றன. அதற்கு அணிவகுப்புப் பயிற்சி வேண்டும். தரைத் தொடக்கத்திலோ கிளம்பும்போதே வேகத்துக்கு ஏற்ப இடைவெளி விழுந்துவிடும். எனவே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்ன "மௌனம் என்றால் நில்" என்ற விதி இல்லாமல் ஒரு தரைத் தொடக்கம் நடந்தால், அதைப் பார்க்க நான் போகமாட்டேன்.

ரஹீம், காயல்பட்டினம்: முன்னால் போகும் விமானத்தின் காற்று பின்னால் இருப்பவரைத் தள்ளாதா?

தள்ளும். நன்றாகவே தள்ளும். முன்வரிசையின் மூன்று புரொப்பெல்லர்களும் அள்ளி வீசும் காற்று பின்வரிசை மேல்தான் விழுகிறது. கூடவே பக்கவாட்டுக் காற்று இருந்தால் அந்தக் கலங்கல் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒருவரை மட்டும் பிடித்து உலுக்கும். வால் சக்கர விமானத்துக்கு நேராக ஓடுவதே இயல்பில்லை. எடை முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சற்றே திரும்பினாலும் மேலும் திரும்பத்தான் பார்க்கும். விமானியின் இரு கால்களும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

ரீனோவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பந்தயம் நடந்த ஸ்டெட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்று மெல்லியது. அதே இறக்கை, அதே எடை, ஆனால் எழும்ப அதிக ஓட்டம் தேவை. எட்டுப் பேரும் தரையிலேயே ஒன்றாக ஓடும் நேரம் நீண்டது.

மீனா, சேலம்: பந்தயத்தின் நடுவில் மோதல் நடப்பதைவிடத் தொடக்கமும் முடிவும் ஆபத்து என்று சொல்லியிருந்தீர்கள். 400 கிலோமீட்டர் வேகத்தில் 50 அடி உயரத்தில் திரும்புவதைவிடவா?

அம்மா, அவசரமாகச் சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். நடுவிலும் மோதியிருக்கிறார்கள். 2007-ல் ரீனோவில் ஃபார்முலா ஒன் பிரிவில் இரண்டு விமானங்கள் மோதி, பலமுறை வென்ற கேரி ஹப்ளர் இறந்தார். இன்னொருவர் சேதமான விமானத்தோடு இறங்கிவிட்டார்.

நான் சொல்ல வந்தது வேறு. பந்தயத்தின் நடுவில் எல்லாரும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில், இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறார்கள். விதி தெளிவானது: முந்துபவர்தான் பொறுப்பு. முன்னால் போகிறவர் தன் பாதையைப் பிடித்துப் போனால் போதும், முந்துபவர் அவரைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. கோளாறு வந்தால் "மேடே" என்ற ஆபத்து அறிவிப்பை ரேடியோவில் சொல்லி மூக்கைத் தூக்கி மேலே ஏறிவிட வேண்டும். மற்றவர்கள் கீழேயே இருப்பார்கள். வேகம் உயரமாக மாறும், உயரம் இறங்க இடம் தேடும் நேரமாக மாறும். எல்லார் மனசும் கூர்மையாக இருக்கும் நேரம் அது.

கடைசிக் கொடி விழுந்ததும் இந்த ஒழுங்கு கலைகிறது. ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார், ஒருவர் எஞ்சின் ஆற வேண்டும் என்று இன்னொரு சுற்றுப் போகிறார், ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்கத் திரும்புகிறார். வேகம் வேறு, உயரம் வேறு. உடம்பு வியர்வையில், மனசு வெற்றியிலோ தோல்வியிலோ. எல்லாரும் போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் ஒன்றே ஒன்று: ஓடுபாதையின் முனை.

2023 செப்டம்பர் 17 அன்று அதுதான் நடந்தது. டி-6 பிரிவின் இறுதிப் பந்தயம் முடிந்துவிட்டது. இறங்க வரும்போது இரண்டு விமானங்கள் மோதின. நிக் மேசி, கிறிஸ் ரஷிங் இருவரும் இறந்தார்கள். இருவருமே அந்தப் பிரிவில் தங்கம் வென்ற கைதேர்ந்தவர்கள். ரீனோவில் 1964 முதல் நடந்துவந்த பந்தயத்தின் கடைசி ஆண்டு, கடைசி நாள். மிச்சப் பந்தயங்களை ரத்து செய்துவிட்டார்கள். மகள் தொலைபேசியில் சொன்னாள். என்னால் அன்று வேறெதுவும் பேச முடியவில்லை.

டி-6 என்றால் தெரியாதவர்களுக்கு: நம் விமானப்படை பல ஆண்டுகள் பயிற்சிக்கு வைத்திருந்த ஹார்வர்ட் விமானம்தான் அது. இறக்கை விமானியின் காலுக்குக் கீழே இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தாலொழிய மேலே இருப்பவர் தெரியமாட்டார். இரண்டு பேரும் ஒரே இடத்தை நோக்கி இறங்கும்போது ஒருவர் மற்றவரின் குருட்டு இடத்தில் மாட்டிக்கொள்ள முடியும். இப்படி இறக்கை கீழே உள்ள விமானங்கள் வரிசையாக இறங்கும் எந்த இடத்திலும் இந்த ஆபத்து உண்டு.

செந்தில், ஓசூர்: மறுபடியும் நான்தான் சார். விமானிகள் சுற்றிலும் பார்த்துக்கொண்டேதானே இருப்பார்கள்? வானம் அவ்வளவு பெரிசு, மோதும் அளவுக்கு நெருங்கும்வரை கவனிக்காமல் எப்படி?

இது கேட்க வேண்டிய கேள்வி. மோதப் போகும் பொருள் கண்ணுக்கு அசையாமல் தெரியும்.

நெடுஞ்சாலையில் போகிறீர்கள், பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு லாரி சந்திப்பை நோக்கி வருகிறது. லாரி உங்கள் கண்ணாடியில் பின்னோக்கி நகர்ந்தால் நீங்கள் முதலில் கடந்துவிடுவீர்கள். முன்னோக்கி நகர்ந்தால் அது முதலில் கடக்கும். இரண்டும் இல்லாமல் ஒரே புள்ளியில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால்? மோதல். விமானத்திலும் அதே கணக்கு. நம் கண் அசைவதை உடனே பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். அந்தப் புள்ளி வெகுநேரம் சின்னதாகவே இருந்து, கடைசிச் சில நொடிகளில்தான் திடீரென்று விரியும். அதுவும் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், கடைசிவரை அங்கேயே ஒளிந்திருக்கும். பேருந்து ஓட்டுநருக்குக் கம்பிக்குப் பின்னால் பைக் மறைவது மாதிரி. அதனால்தான் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஜெயந்தி, மதுரை: ரெட் புல் பந்தயத்தில் இந்த மாதிரிக் கேள்விப்பட்டதே இல்லையே?

அங்கே ஒரு நேரத்தில் ஒரே விமானம்தான் பறக்கும். 2003-ல் தொடங்கி 2019-ல் முடிந்துபோன பந்தயம் அது. காற்றடைத்த 25 மீட்டர் உயரக் கம்பங்களுக்கு நடுவே தனியாகப் பறந்து, நேரத்தை வைத்து வெற்றி. எனவே விமானமும் விமானமும் மோதும் பேச்சே இல்லை. 2010-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பயிற்சியின்போது ஒருவர் ஆற்றில் விழுந்தார், பிழைத்துக்கொண்டார்.

டேவிட், நாகர்கோவில்: பிரிட்டனில் கிங்ஸ் கப் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே மெதுவான விமானத்தை முதலில் விடுவார்களாமே, அது பாதுகாப்புதானே?

1922-ல் தொடங்கிய பழம்பெரும் பந்தயம் அது. ஒவ்வொரு விமானத்தின் வேகத்தையும் கணக்கிட்டு, மெதுவானதை முதலிலும் வேகமானதைக் கடைசியிலும் கிளப்புவார்கள். ஓடுபாதைக்கு இது மிக நல்லது. ஒவ்வொருவராகத்தான் கிளம்புகிறார்கள், 2016 மாதிரி நடக்க வாய்ப்பில்லை.

ஆனால் கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டுக்கு வந்து சேர்வார்கள். அதுதானே அந்த முறையின் நோக்கமே! தொடக்கத்தில் பிரித்து வைத்த ஆபத்தை முடிவில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறது. அதோடு வேகமானவர் மெதுவானவரைப் பின்னாலிருந்து, மேலிருந்து நெருங்குகிறார். 2010-ல் வைட் தீவில் நடந்த மெர்லின் கோப்பைப் பந்தயத்தில் மூனி விமானமும் ஆர்வி-4 விமானமும் மோதின. ஆர்வி-4-ல் இருந்த இருவரும் இறந்தார்கள். மூனி எப்படியோ இறங்கிவிட்டது.

லட்சுமி, தஞ்சாவூர்: 2011-ல் பார்வையாளர்கள் மேலேயே விமானம் விழுந்ததே, அதுவும் இதில் சேருமா?

அது மோதல் இல்லை, இயந்திரக் கோளாறு. 2011 செப்டம்பர் 16, ஜிம்மி லீவர்ட் ஓட்டிய கேலப்பிங் கோஸ்ட் என்ற மஸ்டாங். வால் பக்கத்துச் சின்னப் பலகை ஒன்றைப் பிடித்திருந்த திருகாணிகள் தளர்ந்துபோயின. பழைய பூட்டு நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தியிருந்தது ஒரு காரணம். பலகை அதிர்ந்து அதன் இணைப்பு முறிந்ததும், விமானம் புவியீர்ப்பின் 17 மடங்கு விசையோடு மேலே எகிறியது. விமானி அந்த நொடியே நினைவிழந்துவிட்டார். அவரும் பார்வையாளர்கள் 10 பேரும் இறந்தார்கள்.

ஓடுபாதைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. விசாரணை வாரியம் பின்னர் கொடுத்த பரிந்துரைகளில், பார்வையாளர்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த பெரிய எரிபொருள் லாரியை அகற்றச் சொன்னதும் ஒன்று. ஒரு லாரியை எங்கே நிறுத்துவது என்பது அலுவலகக் கோப்பில் கடைசி வரியாக இருக்கும். விமானம் அதன் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் உடம்பு நடுங்குகிறது.

தேவையில்லாத இடத்தில் நிற்கும் வண்டி என்றதும் 1929 நினைவுக்கு வருகிறது. அந்த ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லாந்துவரை பெண் விமானிகளுக்கான முதல் பெரிய பந்தயம் நடந்தது. அமேலியா இயர்ஹார்ட்டும் அதில் பறந்தார், வென்றவர் லூயிஸ் தேடன். வழியில் டெக்சாஸின் பேகோஸ் ஊரில் இறங்கிய பாஞ்சோ பார்ன்ஸ் ஓடுபாதைக்கு வந்திருந்த ஒரு காரில் மோதினார். மூக்கு நிமிர்ந்த விமானம், முன்னால் கார் இருப்பது தெரியவில்லை. கொலம்பஸ் நகரில் ரூத் நிக்கல்ஸ் ஓடுபாதை முனையில் நின்ற டிராக்டரில் மோதினார். இருவரும் பிழைத்தார்கள், இருவர் பந்தயமும் அதோடு முடிந்தது. அப்போது செய்தித்தாள்களில் பெண்கள் பறக்கவே கூடாது என்று எழுதினார்கள். காரையும் டிராக்டரையும் அங்கே விட்டவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. இன்றும் எனக்கு அதில் கோபம் உண்டு.

இளங்கோ, சிங்கப்பூர்: அண்ணா, சாதாரணப் பயணிகள் விமானத்துக்கும் இதே ஆபத்து இருக்கிறதா? அங்கே கோபுரம், ரேடார் எல்லாம் இருக்கிறதே.

இருக்கிறது தம்பி. 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இரவில் ஒரு சிறு விமானத்தை ஓடுபாதையில் காத்திருக்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், அதை மறந்து, ஒரு போயிங் 737-க்கு அதே ஓடுபாதையில் இறங்க அனுமதி கொடுத்தார். அவர் கெட்டவரோ சோம்பேறியோ இல்லை. வேலை குவிந்த நேரத்தில் ஒரு மனித மனம் செய்த பிழை. எங்கள் தலைமுறைக் கட்டுப்பாட்டாளர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 இறங்கியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள், சின்னதிலிருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். அது சுமார் 40 நொடிகள் ஓடுபாதையில் நின்றிருந்தது. உலகின் மிக நவீனமான நிலையங்களில் ஒன்றில் 40 நொடிகள்! ஸ்டெட்டிலோ சாதாரண நாட்களில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது, பந்தய வாரத்துக்கு மட்டும் தற்காலிகமாக அமைத்தார்கள்.

அருண், கல்லூரி மாணவர், திருச்சி: சார், எனக்குப் பந்தய விமானி ஆகணும். எங்கிருந்து தொடங்கணும்?

முதலில் சாதாரண உரிமம், அப்புறம் வால் சக்கரப் பயிற்சி, அதன்பின் அணிவகுப்புப் பயிற்சி. ரீனோவில் புதியவர்கள் முதலில் ஜூன் மாதத்தில் நடக்கும் பயிற்சி வகுப்பில் தேற வேண்டியிருந்தது. கம்பம் சுற்றுவது, முந்துவது, மேடே சொல்லி மேலேறுவது எல்லாம் பறந்து காட்ட வேண்டும். அணிவகுப்புப் பயிற்சியில் இறங்கும் ஒழுக்கத்தையும் நன்றாகக் கற்றுக்கொள்: ஓடுபாதையின் ஒரு பாதியில் நீ, மறு பாதியில் உனக்கு அடுத்து வருபவர், வேகம் குறைந்ததும் வெளியேறும் பக்கத்துக்கு ஒதுங்குவது. எத்தனை திறமையான பையனும் அந்தப் பாடத்தில் கொட்டாவி விடுவான். நீ விடாதே.

கவிதா, யாழ்ப்பாணம்: பாராசூட் இருந்தால் தப்பலாம்தானே ஐயா?

50 அடியில் விரிய நேரமே இல்லை அம்மா. மேலே ஏறிய பிறகுதான் அதற்குப் பயன்.

வசந்த், டல்லாஸ்: பந்தயம் இப்போது நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல்லுக்கு மாறிவிட்டது. குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். இடம் பாதுகாப்பானதா? எங்கே உட்கார்ந்தால் நல்லது?

ரோஸ்வெல் பழைய வாக்கர் விமானப்படைத் தளம். அதன் பெரிய ஓடுபாதை 13,000 அடி நீளம், ஸ்டெட்டின் பெரியது 9,000 அடி. எஞ்சின் நின்ற விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இறங்க இடம் இருக்கும். சுற்றிலும் வெட்டவெளி. ரீனோவிலோ வீடுகள் நெருங்கி வந்துவிட்டன, காப்பீட்டுச் செலவும் சேர்ந்துகொண்டது. உயரமும் ரோஸ்வெல்லில் குறைவு, 3,700 அடிக்குள்தான். இடத்தைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவு.

குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். தொப்பி, தண்ணீர் மறக்காதீர்கள். உட்காரும் இடத்தைப் பொறுத்தவரை, கம்பம் திரும்பும் பக்கத்தைத்தான் எல்லாரும் தேடுவார்கள். நீங்கள் ஒரு பந்தயத்துக்காவது ஃபார்முலா ஒன் வரிசை தெரியும் இடத்தில் உட்காருங்கள். கொடி பிடிப்பவரையும், அவருக்கு யார் யார் சைகை காட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பந்தயம் முடிந்ததும் எழுந்து சாப்பாட்டுக் கடைக்கு ஓடாமல், கடைசி விமானம் இறங்கி ஓடுபாதையை விட்டு வெளியேறும்வரை இருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், முக்கியமாக அந்தக் கொடி எப்படி விழுகிறது என்று.